500 யூனிட்டைத் தாண்டுறதுக்குள்ள உங்க இ.பி மீட்டரை ஒருமுறை எட்டிப் பாருங்க!

"ஏனுங்க்கா, இந்தவாட்டி உங்களுக்கு கரண்டு பில்லு எவ்ளோ வந்துச்சுங்க? எங்களுக்கு ரொம்ப எச்சாயிருச்சு!"

அன்னூர் பக்கம் லைன் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு புதுசில்லை. மொபைலில் டேட்டா எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தினமும் பார்க்கிற நாம, வாசல் பக்கமே இருக்கிற மீட்டரைப் பார்க்கிறதே இல்லை. ரீடிங் எடுத்து, எஸ்.எம்.எஸ் வந்தபிறகுதான் தலையில் கை வைக்கிறோம். அப்போ செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது. நடுவுல ஒருதடவை பார்த்தா நிறைய செய்யலாம்.

ஒரே ஒரு யூனிட்... 233 ரூபாய்!

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை ரீடிங். கணக்கு புரியறதுக்கு, 2022 செப்டம்பரில் அமலான கட்டணத்தை எடுத்துக்குவோம். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 201 முதல் 400 வரை ரூ.4.50, 401 முதல் 500 வரை ரூ.6. ஆக, 500 யூனிட்டுக்கு பில் ரூ.1,725.

இதுவே 501 யூனிட் ஆனா? அந்த ரூ.2.25 சலுகையே போயிடும். 101 முதல் 400 வரை எல்லாத்துக்கும் ரூ.4.50, அடுத்த 100-க்கு ரூ.6, கடைசி யூனிட்டுக்கு ரூ.8. மொத்தம் ரூ.1,958. ஒரு யூனிட் கூடினதுக்கு 233 ரூபாய் கூடுது!

2024 ஜூலையில் கட்டணம் 4.83 சதவீதம் ஏறினப்பவும் இந்தப் படிக்கட்டு மாறலை. ஒரே சர்வீஸில் ரெண்டு மூணு குடும்பம் இருக்கிற லைன் வீடுகள் இந்த 500-ஐ சுலபமா தாண்டிடும். இலவச 100 யூனிட்டும் எல்லாருக்கும் சேர்த்து ஒருதடவைதான்.

எந்த நம்பரைப் பார்க்கணும்?

டிஜிட்டல் மீட்டரில் நம்பர்கள் ஒண்ணு மாத்தி ஒண்ணு ஓடிட்டே இருக்கும். தேதி, நேரம், வோல்டேஜ், அதிகபட்ச லோடு எல்லாம் வரும். நமக்குத் தேவை, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கே.டபிள்யூ.எச்' என்று காட்டும் நம்பர் மட்டும். அதுதான் யூனிட். வெறும் 'கே.டபிள்யூ' என்று வந்தால் அது லோடு, குழப்பிக்காதீங்க. புள்ளிக்குப் பின்னாடி வர்றதை விட்டுடலாம். சக்கரம் சுத்துற பழைய மீட்டரா இருந்தால், கடைசியில் வேற கலரில் இருக்கிற ஒரு கட்டத்தை விட்டுட்டு மீதியைப் படிங்க.

போன ரீடிங் எவ்வளவுன்னு வெள்ளை அட்டையிலோ, பில்லிலோ இருக்கும். இன்னிக்கு நம்பரிலிருந்து அதைக் கழிச்சா, இதுவரைக்கும் செலவான யூனிட் வந்துடும்.

30-ம் நாள் ஒரு கழித்தல்

போன ரீடிங் 4380. சரியா 30 நாள் கழிச்சு மீட்டரில் 4672. அப்போ 292 யூனிட் ஆகியிருக்கு. இதே வேகத்தில் போனா ரெண்டு மாசத்துக்கு 584. கோடு தாண்டிடும். மிச்சம் இருக்கிற 30 நாளுக்கு கையில் இருப்பது 208 யூனிட். அதாவது, ஒரு நாளைக்கு ஏழுக்குள்ள முடிக்கணும்.

எதைக் குறைக்கிறது? 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2,000 வாட் கீசர் அரை மணி நேரத்திலேயே ஒரு யூனிட்டைச் சாப்பிடும். 75 வாட் சீலிங் ஃபேன் ஒரு யூனிட்டுக்கு 13 மணி நேரம் ஓடும். அதனால ஃபேனை விட்டுட்டு கீசரைப் பிடிங்க!

சிமிட்டுற சிவப்பு லைட்

மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு லைட் சிமிட்டுதா? அதுகிட்ட 3200 மாதிரி ஒரு நம்பர் எழுதியிருக்கும். அத்தனை தடவை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவைன்னு எண்ணி, 60-ஆல் பெருக்கி, அந்த நம்பரால் வகுங்க. நிமிஷத்துக்கு 80 என்றால், மணிக்கு ஒன்றரை யூனிட் போகுது.

இன்னொரு சோதனை. இன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு சில நிமிஷம் பாருங்க. அப்பவும் சிமிட்டிட்டே இருந்தா வயரிங்கில் கசிவு இருக்கலாம், இல்லைன்னா வேற போர்ஷன் லைன் உங்க மீட்டரில் சேர்ந்திருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மீட்டர் சீலையும் வயரையும் மட்டும் தொடவே கூடாது.

ஒரு போட்டோ போதும்

ரீடிங் எடுக்க வர்றது நாலு நாள் தள்ளிப்போனா, அந்த நாலு நாள் யூனிட்டும் இதே பில்லில்தான் ஏறும். 2020 ஊரடங்கில் ரீடிங் எடுக்கவே முடியாம, போன பில் தொகையையே கட்டச் சொன்னாங்க. அப்புறம் நாலு மாச யூனிட்டையும் ஒண்ணா எடுத்து, ரெண்டா பிரிச்சுக் கணக்கு போட்டாங்க. 'எப்படி இவ்வளவு வந்துச்சு?'ன்னு வீட்டுக்கு வீடு சண்டை. கையில் தேதியோட மீட்டர் போட்டோ இருந்தவங்களுக்கு, தங்கள் கணக்கு என்னன்னாவது தெரிஞ்சது.

ரீடிங் எடுத்த அன்னிக்கு ஒரு போட்டோ, 30-ம் நாள் ஒரு போட்டோ. கேலண்டரில் ரிமைண்டர் வெச்சுக்கோங்க. பில்லில் இருக்கிற நம்பரும் உங்க போட்டோவும் ஒத்துப்போகலைன்னா, பிரிவு அலுவலகத்தில் போட்டோவைக் காட்டிக் கேளுங்க. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-லும் புகார் சொல்லலாம். பணம் கட்ட ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் இருக்கு, அதுக்குள்ள கேட்டுடுங்க.

இந்தக் கட்டுரையை மூடிட்டு, முதல் வேலையா வாசலுக்குப் போய் அந்த முதல் போட்டோவை எடுத்துடுங்க. அடுத்த தடவை பக்கத்து வீட்டு அக்கா பில்லைப் பத்தி கேட்டா, எவ்வளவு வரும்னு பில் வர்றதுக்கு முன்னாடியே சொல்லலாமுங்க!