மணி ஏன் உண்ணவில்லை?

பசித்தால் உண்பது எல்லா உயிர்களுக்கும் இயல்பு. ஆனால் உணவை முன்னால் வைத்தும் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு நாயைப் பற்றியும், அதனால் நான் அறிந்துகொண்டவற்றைப் பற்றியும் இங்கே கூற விரும்புகிறேன்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையை நாம் மறக்க இயலுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஓடியது. வெள்ளம் வடிந்த சில நாட்களில், எங்கள் தெருக்கோடியில் இடிந்த சுவரோரம் நடுங்கிக் கிடந்த நாய் ஒன்றை அப்பா சாக்கில் சுற்றித் தூக்கி வந்தார்கள். அதன் கழுத்தில் பழைய கயிறும் சிறு மணியும் இருந்தன. யாரோ அன்பாக வளர்த்த நாய்! மணி என்றே பெயரிட்டோம்.

ஆச்சி சோறு பிசைந்து வைத்தார்கள். மணி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே. எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்காதபோது அதன் வாயைப் பிடித்துக் கரண்டியால் பாலைப் புகட்டினேன். அது இருமித் திணறியது. நான் பயந்துபோய் அப்பாவிடம் ஓடினேன்.

கால்நடை மருத்துவர் முதலில் என்னைத்தான் கண்டித்தார். வலிந்து புகட்டும் உணவு மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குச் சென்றுவிடலாம். பால் பல நாய்களுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். அன்றியும், புதிதாக வந்த நாய் உண்ண மறுத்து, எச்சில் வடித்து, விழுங்க இயலாமல் தவித்தால் அது வெறிநோயாகவும் இருக்கலாம். அத்தகைய நாயின் அருகே குழந்தைகள் செல்லவே கூடாது. கடித்தாலோ, கீறினாலோ, புண்ணில் எச்சில் பட்டாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட வேண்டும்.

பின்பு அவர் மணியைச் சோதித்தார். நாயின் இயல்பான உடல்வெப்பம் சுமார் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் ஆகும். மணிக்கோ 104! இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளிறியிருந்தது. தோளின் தோலை இழுத்து விட்டதும் அது உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உடலில் நீர் குறைந்திருந்தது என்பதற்கு அதுவே அடையாளம். காதுகளில் உண்ணிகள் ஒட்டியிருந்தன. இரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தது. உணவில் வெறுப்பு என்பது தனி நோய் அன்று. காய்ச்சல், பல்வலி, குடற்புழு, வயிற்றுக்கோளாறு, அச்சம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றின் அறிகுறியே அது. ஆகவே ஒரு முழு நாள் உண்ணாத நாயை மருத்துவரிடம் காட்டுவதே முதல் உதவி. குட்டியானால் அவ்வளவு நேரமும் காத்திருக்கலாகாது. நாம் விழுங்கும் காய்ச்சல் மாத்திரையை அதற்குக் கொடுப்பதும் ஆபத்து.

ஊசி மருந்தும் சலைனும் ஏற்றிய பின் மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது. ஆயினும் மணி உண்ணவில்லை! மருத்துவர் என்னைப் பார்த்து, "அது உண்ணும்போது நீ எங்கே இருப்பாய்?" என்று கேட்டார். "அதன் முன்னாலேயேதான் உட்கார்ந்திருப்பேன்" என்றேன். "அதுதான் காரணம்" என்றார். வீட்டையும் வளர்த்தவரையும் இழந்த நாய்க்குப் புதியவர் உற்றுநோக்குவது அச்சம் தரும். என் அன்பே அதற்குப் பயமாக இருந்திருக்கிறது!

அவர் கூறியபடியே செய்தோம். திண்ணையின் அமைதியான மூலையில் சாக்கு விரித்தோம். அருகில் எப்போதும் நல்ல தண்ணீர் வைத்தோம். உப்பு, காரம் சேர்க்காத குழைந்த சோற்றுடன் எலும்பு நீக்கிய வேகவைத்த கோழிக்கறியைப் பிசைந்து, இளஞ்சூடாக வைத்தோம். சூட்டில் மணம் மிகும். நாய் மணத்தால்தான் உணவை அறிகிறது. கால் மணி நேரத்தில் உண்ணாவிட்டால் எடுத்துவிட்டு, பிறகு புதிதாக வைத்தோம். பல நாள் பட்டினி கிடந்த நாய்க்கு ஒரேயடியாக நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் உள்ள உப்புச் சத்துகள் நிலைமாறி உயிருக்கே கேடு வரலாம். ஆதலால் சிறிது சிறிதாக, நாளைக்கு நான்கைந்து முறை வைத்தோம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு ஆகியவற்றை அறவே விலக்கினோம்.

நான் சன்னலுக்குப் பின்னால் பாடப்புத்தகத்துடன் அமர்ந்திருந்தேன். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, எல்லோரும் விளக்கணைத்துப் படுத்த பின், தட்டில் சிறு மணி இடிக்கும் ஓசை கேட்டது. எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடவில்லை. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் தட்டு காலியாக இருந்தது!

தோழியரே, துன்புற்ற உயிருக்கு உதவ இரக்கம் மட்டும் போதாது. துன்பத்தின் காரணத்தை அறிய வேண்டும். பிறகு பொறுமையுடன் சற்று விலகி நிற்கவும் வேண்டும். மணியைத் தேடி இன்றுவரை யாரும் வரவில்லை. இப்போது என் காலடி ஓசை கேட்டாலே அது தட்டைக் கவ்விக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறது!