தலையில் நீர் கோர்த்த குழந்தைக்கு வைத்த ஷன்ட் ஏன் திரும்பத் திரும்ப அடைபடுகிறது? எப்போது உஷாராக வேண்டும்?

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு, இனி பிரச்னை இல்லை என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். ஆனால் ஹைட்ரோகெபலஸ் பாதித்த குழந்தைகளுக்கு வைக்கப்படும் ஷன்ட்களில் ஏறக்குறைய பாதி, 2 ஆண்டுகளுக்குள் பழுதாகிவிடுகின்றன.

மூளைக்குள் தினமும் சுரக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் தேங்குவதுதான் இந்த நோய். தேங்கும் நீரை, தோலுக்கு அடியில் ஓடும் மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கிவிடுவதுதான் ஷன்ட். நடுவில் ஒரு வால்வு இருக்கும்.

ஏன் பழுதாகிறது?

மூளைக்குள் இருக்கும் முனையில் திசுவோ ரத்தத் துணுக்கோ போய் அடைத்துக்கொள்ளும். அதிகம் நடப்பது இதுதான். குழந்தை வளர வளர, குழாயின் நீளம் பத்தாமல் போகலாம். இணைப்பு கழன்றுவிடலாம், குழாயே முறியலாம். ஆபரேஷன் நடந்த முதல் சில மாதங்களில் கிருமித் தொற்று பெரிய தலைவலி.

விலை குறைந்த ஷன்ட் வைத்ததால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்று சில பெற்றோர் குமைவது உண்டு. அது தேவையில்லை. உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகும் சாப்ரா ஷன்ட்டையும், பல மடங்கு விலை அதிகமான வெளிநாட்டு ஷன்ட்டையும் உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2005-ல் வெளியான முடிவின்படி, ஓராண்டு கழித்துப் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

பிரபல எழுத்தாளர் ரோல்டு டாலின் மகனும் இதே அவஸ்தையைப் பட்டவர்தான். 1960-ல் நியூயார்க்கில் டாக்ஸி மோதியதில் 4 மாதக் குழந்தையான தியோவின் தலையில் அடிபட்டது. பொருத்திய வால்வு அடிக்கடி அடைத்துக்கொண்டது. பொறியாளர் ஸ்டான்லி வேட், மருத்துவர் கென்னத் டில் ஆகியோருடன் சேர்ந்து டாலே புது வால்வு ஒன்றை உருவாக்கினார். அது ரெடியானபோது தியோவுக்குத் தேவைப்படவில்லை. மற்ற குழந்தைகளுக்குப் பயன்பட்டது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

திரும்பத் திரும்ப வாந்தி, குறிப்பாகக் காலையில். தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், காரணமில்லாத எரிச்சல், வலிப்பு. கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி புடைக்கும், கருவிழி கீழ்நோக்கி இறங்கி நிற்கும். காய்ச்சலோடு குழாய் போகும் பாதை சிவந்தால் தொற்றாக இருக்கலாம்.

சிக்கலே இந்த வாந்தியில்தான். அஜீரணம் என்று கஷாயம் கொடுத்து ஒரு நாள் போய்விடும். கொல்லிமலையில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி காரவள்ளி, காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் கீழே வரும் குழந்தை வாந்தி எடுத்தால், 'பஸ் ஒத்துக்கல' என்றுதான் யாருக்கும் தோன்றும். ஷன்ட் வைத்த குழந்தைக்கு மட்டும் அப்படி விட்டுவிடக் கூடாது. அடைப்பு முற்றினால் சில மணி நேரத்தில்கூட உயிருக்கு ஆபத்தாகலாம்.

என்ன செய்யணும்?

108-ஐ அழைக்கும்போதே, "குழந்தைக்குத் தலையில் ஷன்ட் இருக்கு" என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அதையே சொல்லுங்கள். நரம்பியல் அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைதான் வேண்டும். நாமக்கல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

குழந்தை நன்றாக இருக்கும்போது எடுத்த ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் போனில் போட்டோ எடுத்து வைத்திருங்கள். பழைய ஸ்கேனுடன் ஒப்பிட்டால்தான் நீர் கூடியிருக்கிறதா என்று டாக்டரால் சட்டென்று சொல்ல முடியும்.

ஷன்ட்டே இல்லாமல், எண்டோஸ்கோப் மூலம் மூளைக்குள் சிறு துளை போட்டு நீருக்கு வழிவிடும் சிகிச்சையும் உண்டு. எல்லாக் குழந்தைக்கும் அது பொருந்தாது. ஷன்ட் இரண்டாவது, மூன்றாவது முறை அடைத்திருந்தால், தங்கள் குழந்தைக்கு அது சரிவருமா என்று பெற்றோர் டாக்டரிடம் கேட்கலாம்.