உங்கள் காரிலும் ஒரு கம்ப்யூட்டர்: இன்ஜின் 'மிஸ்ஸிங்' ஆனால் அது என்ன சொல்கிறது?

போன மாதம்தான் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கினீர்களா? வீட்டில் பெட்ரோல் கார் இருந்தால், அதற்கு முன்பே நீங்கள் ஒரு கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரர்தான். இசியு என்று அழைக்கப்படும் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கீபோர்டும் இல்லை, மவுசும் இல்லை. 'மானிட்டர்' என்று சொல்ல இருப்பது டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட ஒரு சிறிய மஞ்சள் விளக்கு மட்டுமே. அதன் மொழியைப் புரிந்துகொண்டால் சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரங்களில் போய் நிற்பதைத் தவிர்க்கலாம்.

மெக்கானிக்குகள் 'வண்டி மிஸ்ஸிங் ஆகிறது' என்பார்கள். சிலிண்டருக்குள் சென்ற பெட்ரோலும் காற்றும் சரியாக எரியாமல் போவதுதான் அது. வண்டி நிற்கும்போது உதறும், மேட்டில் ஏறும்போது தடுமாறும், மைலேஜ் குறையும். கார்புரேட்டர் காலத்தில் அனுபவசாலி மெக்கானிக் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தார். இன்று அந்தக் காதின் வேலையை இசியு செய்கிறது.

எப்படி என்று பார்ப்போம். இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டுடன் பல் வைத்த சக்கரம் ஒன்று சுற்றுகிறது. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது பக்கத்தில் உள்ள சென்சார் ஒரு சிக்னல் அனுப்பும். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்திற்கு 3000 சுற்று சுற்றினால், விநாடிக்கு 100 முறை எரிதல் நடக்கிறது. ஒவ்வொன்றும் ஷாஃப்ட்டை ஒரு தள்ளு தள்ளுகிறது. ஒரு தள்ளு விட்டுப்போனால் அடுத்த சில பற்கள் கடக்க மிகச் சிறிது நேரம் கூடுதலாகிறது. நமக்குத் தெரியாத அந்தத் தாமதத்தை இசியு அளந்துவிடும். அந்த நேரத்தில் எந்த சிலிண்டரின் முறை என்பதும் கேம் ஷாஃப்ட் சென்சார் மூலம் அதற்குத் தெரியும். குண்டும் குழியுமான ரோட்டில் சக்கரம் குதிப்பதும் ஷாஃப்ட்டை ஆட்டும். அதனால் பல கார்களில் ரோடு மோசமாக இருக்கும்போது இந்தக் கணக்கைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் புரோகிராமும் உண்டு!

விளக்கு தொடர்ந்து எரிந்தால் ஏதோ கோளாறு, விரைவில் காட்டுங்கள் என்று பொருள். அது விட்டுவிட்டு சிமிட்டினால் விஷயம் வேறு. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது. வெப்பம் தாறுமாறாக ஏறி, உள்ளே தேன்கூடு போல இருக்கும் பீங்கான் பகுதி உருகக்கூடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் பூசப்பட்ட பாகம் அது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும். எனவே விளக்கு சிமிட்டினால் ஆக்சிலேட்டரைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். 'வீடு வரை ஓட்டிவிடலாம்' என்ற துணிச்சல் இங்கே வேண்டாம்.

இந்த நிலை வராமல் தடுப்பது பெரிய வித்தை இல்லை. முதலில் ஸ்பார்க் பிளக். ஓட ஓட அதன் முனை தேய்ந்து இடைவெளி அகலும். அகன்ற இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் தேவை. அந்தச் சுமை காயில் மீது விழுந்து, கடைசியில் காயிலும் போய்விடும். சாதாரண நிக்கல் பிளக்கை விட இரிடியம் பிளக் பல மடங்கு உழைக்கும். எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்பதற்கு உங்கள் காரின் கையேட்டில் உள்ள எண்ணையே பின்பற்றுங்கள். இன்ஜின் ஆறிய பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் கசிகிறது.

ஏர் ஃபில்டர் நம் தூசியில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு சர்வீசிலும் திறந்து பாருங்கள். வெடித்த வேக்வம் ஹோஸ் கணக்கில் வராத காற்றை உள்ளே விடும். வாட்டர் சர்வீசில் இன்ஜின் மீது வேகமாகத் தண்ணீர் பீய்ச்ச விடாதீர்கள். எலி கடித்த வயரும் அடிக்கடி காரணமாகிறது.

இனி நம் துறைக்கு வருவோம். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடலில் இருந்தும், இந்தியாவில் 2013 ஏப்ரலில் இருந்தும் கார்களுக்கு இந்த ஓபிடி-2 முறை கட்டாயம். கடைகளில் கிடைக்கும் சிறிய புளூடூத் அடாப்டரை அதில் செருகி, போனில் ஒரு ஆப் மூலம் பிழைக் குறியீட்டைப் படிக்கலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று இல்லை, அங்கங்கே விட்டுப்போகிறது என்று அர்த்தம். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள்; பேட்டரியை உறிஞ்சும்.

கம்ப்யூட்டரில் ரேம் கோளாறா என்று பார்க்க, அதை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் போடுவோம் அல்லவா? அதே தந்திரம் இங்கும் பலிக்கும். பி0302 வந்தால், இன்ஜினை நிறுத்தி ஆறவைத்து, இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கு மாற்றச் சொல்லுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் பி0303 வருகிறதா? காயில்தான் குற்றவாளி. மறுபடி பி0302 தான் வருகிறதா? பிளக், இன்ஜெக்டர், வயர் என்று தேட வேண்டும். இது ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள கார்களுக்குத்தான் பொருந்தும்.

ஒருமுறை என் வண்டியை ஒரு பட்டறையில் விட்டேன். விளக்கு அணைந்து வந்தது, பில்லும் வந்தது. மூன்றாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. குறியீட்டை அழித்ததோடு சரி, பழுது அப்படியே இருந்தது! எர்ரர் மெசேஜை மூடிவிட்டு கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது என்பது போலத்தான். ஆகவே வண்டியைக் கொடுப்பதற்கு முன் குறியீட்டை நீங்களே படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப எடுக்கும்போது மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.