பிலாக்ரின்: தோலின் ஈரம் காக்கும் புரதம்

பிலாக்ரின் என்பது தோலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உருவாகும் ஒரு புரதம். 1981இல் பீற்றர் ஸ்டைனர்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதற்குப் பெயரிட்டனர். மேற்றோலின் மணிப்படைக் கலங்களில் இது முதலில் புரோபிலாக்ரின் என்ற நீண்ட சங்கிலியாகச் சேமிக்கப்படுகிறது. அச்சங்கிலியில் ஒரே அமைப்பு 10, 11 அல்லது 12 தடவை திரும்ப வரும். எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் பிறப்பிலேயே வேறுபடும். கலம் மேலேறி இறக்கும் வேளையில் சங்கிலி வெட்டுண்டு தனித்தனிப் பிலாக்ரின்கள் வெளிப்படுகின்றன. தேங்காய்த் தும்பைக் கயிறாகத் திரிப்பதுபோல அவை கெரற்றின் இழைகளை நெருக்கிக் கட்ட, கலம் தட்டையாகிறது. இவ்வாறு தட்டையான கலங்கள் பதினைந்து இருபது அடுக்குச் சேர்ந்ததே கொம்புப்படை. உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக, அதன் தடிப்பு மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான்.

இழைகளைக் கட்டுவதோடு பிலாக்ரினின் வேலை முடிவதில்லை. சில அடுக்குகளைத் தாண்டியதும் நொதியங்கள் அதை முழுவதுமாக அமினோ அமிலங்களாக உடைத்துவிடுகின்றன. அவற்றில் குளுற்றமைன் பைரோலிடோன் காபொக்சிலிக் அமிலமாகவும், ஹிஸ்ரிடீன் யூரோக்கானிக் அமிலமாகவும் மாறுகின்றன. இவை நீரைப் பற்றிக்கொள்ளும். தோலின் அமிலத்தன்மைக்கும் உதவும். தோல் தானே தயாரிக்கும் ஈரங்காப்புப் பொருட்களில் ஏறத்தாழப் பாதி இந்தச் சிதைவிலிருந்து வருகிறது.

உடைப்பு எந்த அடுக்கில் தொடங்கும் என்பதைக் காற்றின் ஈரப்பதன் தீர்மானிக்கிறது. இயன் ஸ்கொட்டும் கிளைவ் ஹார்டிங்கும் எலிக்குட்டிகளில் ஆராய்ந்து 1986இல் இதைக் காட்டினர். நீராவி நிறைந்த காற்றில் உடைப்பு நின்றுபோனது. காற்று உலர்ந்ததும் தொடங்கியது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்வோரின் தோல் ஆண்டுதோறும் இப்படி இருவகைக் காற்றைச் சந்திக்கிறது. ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை காற்று மழையும் ஈரமுமாக வீசும். அதன் பின் மே தொடக்கம் செப்ரெம்பர் வரை, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கும் தென்மேல் காற்று கிழக்குக் கரையில் சூடான உலர்ந்த கச்சானாக அடிக்கும். பிலாக்ரின் போதியளவு உள்ள தோல் கச்சானுக்கு ஈடுகொடுக்கும். கையிருப்புக் குறைந்த தோலில் வெடிப்பும் செதிலும் காணலாம்.

நீர் வெளியேறாமலும் வெளிப்பொருள் நுழையாமலும் தோல் ஒரு தடையாக நிற்கிறது. வேறு புரதங்களும் இந்தத் தடையில் பங்குகொள்கின்றன. லோரிகிரினும் இன்வொலூக்கிரினும் பிணைந்து ஒவ்வொரு கலத்துக்கும் உறுதியான உறையாகின்றன. குளோடின்-1 மணிப்படையில் கலங்களுக்கு இடைப்பட்ட வழியை அடைக்கிறது. லெக்ரி, கலங்களைப் பிரிக்கும் நொதியங்களைக் கட்டுப்படுத்துகிறது. அது பழுதானால் நெதர்ற்றன் என்ற கடும் தோல்நோய் வரும். சவர்க்காரம் தோலின் அமிலத்தன்மையைக் குறைக்கும்போது இதே நொதியங்கள் வேகம் பெறுகின்றன. அழுக்குப் போகட்டுமென்று, எக்சிமா என்னும் அரிப்பும் அழற்சியும் கொண்ட நோயுள்ள தோலை அடிக்கடி சவர்க்காரமிட்டுத் தேய்ப்பது கெடுதலானது இதனாலேயே.

2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மக்லீன் குழுவினர் பிலாக்ரின் மரபணுவில் இரண்டு பிறழ்வுகளைக் கண்டுபிடித்தனர். ஐரோப்பியரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம் இத்தகைய பிறழ்வு உண்டு. இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவருக்குச் செதில் தோல்நோய் வரும். ஒருவரிடமிருந்து பெற்றவருக்கு உலர்தோலும், உள்ளங்கையில் அளவுக்கு மீறிய ஆழமான ரேகைகளும் காணப்படலாம். ஆசிய மக்களிடம் பெரும்பாலும் இருப்பவை வேறு பிறழ்வுகள். கிழக்கு லண்டனில் வாழும் வங்காளதேசக் குடும்பங்களில் அப்படிப் பல வகைகள் கண்டறியப்பட்டன. எனவே ஐரோப்பியருக்கென உருவாக்கிய மரபணுச் சோதனையை இலங்கையருக்கு அப்படியே பயன்படுத்திவிட முடியாது. இத்தகைய பிறழ்வு எக்சிமா வரும் வாய்ப்பைக் கூட்டும். ஆனாலும் பிறழ்வு உள்ள பலருக்கு எக்சிமா வருவதில்லை. எக்சிமா உள்ள பலரிடம் பிறழ்வும் இல்லை.

தடை தளர்ந்தால் நீர் வெளியேறும். தூசிப்பூச்சியின் கழிவும் உணவுத் துகளும் உள்ளே நுழையும். அப்போது நோயெதிர்ப்புக் கலங்கள் இன்ரலூக்கின் 4, 13 ஆகிய அழற்சிச் சைகைப் புரதங்களைச் சுரக்கின்றன. அவை பிலாக்ரின் உற்பத்தியையே மேலும் குறைப்பதால், பிறழ்வு இல்லாதவரிடமும் தடை நலிகிறது. கடி எடுக்கிறது, சொறிகிறார்கள், புண்ணில் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் பற்றீரியா குடியேறுகிறது. எக்சிமா தொற்றாது என்றாலும் அந்தப் புண்ணைப் பார்ப்பவர்கள் விலகிப்போவதுண்டு. துறைமுகத் தொழில்களில் கைகளுக்கே சோதனை அதிகம். மீன் வெட்டுவோரின் கை நாள் முழுதும் ஈரத்தில் ஊறி உலர்கிறது. நனைந்த சீமெந்து கடுங்காரம். அதிலுள்ள குரோமியம் ஒவ்வாமையையும் தூண்டவல்லது.

இழந்த பிலாக்ரினைப் பூசி ஈடுசெய்யும் மருந்து வழக்கில் இல்லை. குளித்ததும் ஈரம் காயுமுன் பூசும் களிம்பு நீரிழப்பைக் குறைக்கும். எண்ணெய் பூசும் வழக்கத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை, ஆனால் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பிள்ளைகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் தூய தேங்காயெண்ணெய் கனிம எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. ஒலெயிக் அமிலம் மிகுந்த ஒலிவ் எண்ணெயோ தடையைத் தளர்த்துவதாக 2013இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. பிறந்தது முதல் களிம்பு பூசினால் எக்சிமா வராமலே தடுக்கலாம் என்ற நம்பிக்கையும் பலிக்கவில்லை. 1394 குழந்தைகளுடன் பிரித்தானியாவில் நடந்து 2020இல் வெளியான பரிசோதனையில் அதனால் பயன் காணப்படவில்லை. அழற்சி கிளம்பியபின் வைத்தியர் தரும் ஸ்ரீரொயிட் களிம்பு தேவைப்படும். கடும் நோய்க்கு, இன்ரலூக்கின் 4, 13 இரண்டின் செயலையும் தடுக்கும் டுபிலுமாப் ஊசி 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அழற்சி தணிந்தால் தோல் பிலாக்ரினை மீண்டும் கூடுதலாக உருவாக்குகிறது.