மார்பகத் தோலில் மாற்றமா? கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

முலைக்காம்பில் அரிப்பு, செதில், நீர்க்கசிவு. புற்றுநோயோ என்று தூக்கம் தொலைப்பவர்கள் உண்டு. வெறும் அரிப்புதானே என்று களிம்பு தடவி மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. பெரும்பாலும் தீங்கற்ற நோயாகவே இருக்கும். ஆனால், அதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

ஏன் இந்த எச்சரிக்கை?

லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட் 1874-இல், முலைக்காம்புத் தோல் நாள்பட்டுப் புண்ணாகியிருந்த சுமார் 15 பெண்களைப் பற்றி எழுதினார். தொடர்ந்து கவனிக்க முடிந்த அனைவருக்கும் இரண்டு ஆண்டுகளுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. அவர் பெயரால் வழங்கும் இந்நோய், மார்பகப் புற்றுநோய்களில் 1 முதல் 3 சதவீதம். பார்வைக்கு எக்ஸிமா என்னும் தோல் அழற்சி போலவே இருக்கும்.

எக்ஸிமா பெரும்பாலும் இரு பக்கமும் வரும். காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் தொடங்கும். பேஜெட் நோய் பொதுவாக ஒரு பக்கம், காம்பிலேயே தொடங்கும். ஸ்டீராய்டு களிம்பில் இதுவும் தற்காலிகமாக அடங்கலாம் என்பதுதான் ஆபத்து.

அரிய, தீங்கற்ற நோய்கள்

காம்பு அடினோமா: பால்நாளங்களில் வளரும் சிறு கட்டி. ஒரு பக்கக் காம்பு சிவந்து, புண்ணாகி, கசியும். பேஜெட் நோயுடன் அதிகம் குழப்பப்படுவது இதுதான்.

ஹைப்பர்கெரட்டோசிஸ்: காம்பும் கருவட்டமும் தடித்து, மரு போலக் கறுத்துச் சொரசொரப்பாகும். இளம்பெண்களிடம் அதிகம்.

மோண்டார் நோய்: தோலுக்கடியில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, கயிறு போலத் தட்டுப்படும். கையை உயர்த்தினால் தோலில் பள்ளம் விழும். பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகும். அரிதாக இதன் பின்னால் புற்றுநோய் இருக்கலாம் என்பதால் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கச் சொல்வார்கள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் இரு மார்பகங்களையும் அக்குளையும் தொட்டுப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். சந்தேகம் தீராவிட்டால் பயாப்ஸி: மரத்துப்போக ஊசி போட்டு, 3 அல்லது 4 மில்லிமீட்டர் தோலை வட்டமாக வெட்டி எடுப்பார்கள். அதை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, மேல்தோலுக்குள் வெளிறிய பெரிய செல்கள் சிதறிக் கிடந்தால் பேஜெட் நோயாக இருக்கலாம். அடினோமாவில் சுரப்பிகளைச் சுற்றிய வெளி அடுக்குச் செல்கள் சிதையாமல் இருக்கும். சிறப்புச் சாயங்கள் ஏற்றி இதை உறுதி செய்கிறார்கள்.

கூச்சம் வேண்டாம், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்பும் வேண்டாம். ஒரு பக்கக் காம்பில் உள்ள புண் இரண்டு, மூன்று வாரச் சிகிச்சையிலும் ஆறவில்லை என்றால், பயாப்ஸி தேவையா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.