இறுக்கிப் பூசிய சுவர் ஏன் உதிர்கிறது?

ஏறாவூருக்கு ஒருபுறம் புன்னைக்குடாக் கடல், மறுபுறம் மட்டக்களப்பு வாவி. இடையில் மணல் தரை. அதிகம் தோண்டாமலே தண்ணீர் வந்துவிடும். இப்படியான மண்ணில் ஒரு வீட்டைக் கட்டி முடிப்பதை விட, அதன் சுவரின் கீழ்ப்பகுதியைப் பேணுவதுதான் ஓயாத வேலை. முழங்கால் உயரம் வரை, சில வீடுகளில் இடுப்புயரம் வரை, பெயின்ட் பொருமி நிற்கும். தொட்டால் பூச்சு மாவாக உதிரும். மேலே வெள்ளைப் பொடி பூத்திருக்கும். வீட்டுக்காரர் சுரண்டி எடுத்து, சீமெந்தைக் கொஞ்சம் கூடவே சேர்த்துக் குழைத்துப் பூசி, கடைக்காரர் கைகாட்டிய விலை கூடிய பெயின்டை அடிப்பார். அடுத்த மாரி கழிவதற்குள் அதே இடத்தில், அல்லது ஒரு சாண் மேலே, பழையபடி பொருமல். பழி மேசன் மீதும் பெயின்ட் மீதும் விழும். தானே செய்தவராக இருந்தால் தன் கையின் மீது விழும். ஆனால் வேலை மட்டமாக இருந்ததால் இப்படி ஆவது குறைவு. பெரும்பாலான இடங்களில் வேலை தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்ததுதான் காரணம்.

செங்கல்லும் சீமெந்துக் கல்லும் சாந்தும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தவை. துளை எவ்வளவு ஒடுங்கியதோ அவ்வளவு உயரத்துக்கு நீர் தானாகவே ஏறும். அரை விட்டம் 0.1 மில்லிமீற்றர் உள்ள துளையில் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர், 0.01 மில்லிமீற்றர் என்றால் ஒன்றரை மீற்றர். இது கணக்கு. உண்மைச் சுவரில் ஏறும் நீர் வழியெல்லாம் ஆவியாகிக்கொண்டே போவதால், ஏறுவதும் காய்வதும் சமப்படும் உயரத்தில் ஈரக்கோடு நின்றுவிடும். நல்ல தண்ணீர் மட்டும் ஏறினால் கறையோடு போய்விடும். இங்கே ஏறுவது உப்புக் கரைந்த தண்ணீர். நீர் ஆவியாகிப் போனாலும் உப்பு சுவரிலேயே தங்குகிறது. ஆண்டுக்கு ஆண்டு சேர்கிறது. சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதன் சுமார் 75 வீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். கீழே இறங்கினால் மறுபடி பளிங்காகும். கச்சான் காற்று அடிக்கும் பகலில் காய்ந்து, வாவிக் காற்று வரும் இரவில் நனையும் சுவரில், இந்தக் கரைதலும் பளிங்காதலும் ஒரே நாளில்கூட நடந்து முடியலாம். ஒவ்வொரு முறை பளிங்காகும்போதும் உப்பு துளையின் சுவர்களை நெருக்கித் தள்ளுகிறது. கருங்கல்லையே பொடியாக்கக்கூடிய நெருக்குதல் அது, பூச்சு எம்மாத்திரம்?

உப்பு எங்கே பளிங்காகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சுவர் மூச்சு விடும் நிலையில் இருந்தால் நீர் மேற்பரப்பு வரை வந்து ஆவியாகும், உப்பு வெளியே பூக்கும். பார்க்க அசிங்கம், ஆனால் துடைப்பத்தால் தட்டிவிடலாம். மேலே நீர் புகாத பெயின்டை அடித்துவிட்டால் ஆவியாகும் இடம் உள்ளே தள்ளிப் போகிறது. பெயின்டுக்குப் பின்னால், பூச்சுக்கு உள்ளே உப்பு பளிங்காகி அதைப் பெயர்த்தெடுக்கிறது. உயர்ந்த பெயின்ட் பெரிய பாளமாக உரிவதும், மலிவான சுண்ணாம்பு பொடியாக மட்டும் உதிர்வதும் இதனால்தான். புளியந்தீவில் வாவியோரமாக நிற்கும் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது 1628 இல். போட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கிடைத்தது 1824 இல்தான். அந்தக் காலத்துச் சாந்து சுண்ணாம்பையே நம்பி இருந்தது. சுண்ணாம்புச் சாந்து கல்லை விட மெலிந்தது. உப்பு தின்றால் முதலில் அதைத் தின்னும், கல் தப்பும். தின்ற இடத்தை மட்டும் மறுபடி பூசினால் போதும். தான் அழிந்து சுவரைக் காப்பது ஒரு பூச்சின் குறை அல்ல. கல்லை விட வலிமையான பூச்சு போட்டால் கல்தான் தின்னப்படும்.

நீர் தடுக்கும் கலவை பூசிய பக்கத்து வீட்டில் இரண்டு வருடமாக ஒன்றும் இல்லையே என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் அத்திவாரத்திலிருந்து நீர் வருவது நிற்கவில்லை, வெளியேறும் வாசல் மட்டும் அடைபட்டிருக்கிறது. அடைத்த உயரத்துக்கு மேலே போயோ சுவரின் மறுபக்கம் போயோ அது ஆவியாகும். இரண்டு வருடம் என்பது உப்பு அங்கே சேர எடுக்கும் காலம். மேசன்மார் டிபிசி என்று சொல்லும் ஈரத்தடுப்புப் படை அத்திவாரத்துக்கு மேல் கட்டும்போதே போடப்பட்டிருந்தால் பேச்சே வேறு. அது வேரிலேயே தடுக்கிறது. அப்படியொரு படை இருந்தும், வளவு மண்ணை உயர்த்தி அல்லது முற்றத்துக்குக் கொங்கிறீட் போட்டு அதை மூடிவிட்ட வீடுகளும் உண்டு. அங்கே மண்வெட்டியே முதல் மருந்து.

திருத்துபவரே உப்பைக் கொண்டுவந்து சேர்ப்பதும் நடக்கிறது. சவர்த்தண்ணீர்க் கிணற்றில் அள்ளிச் சாந்து குழைப்பது, கழுவாத கடல் மணலைக் கலப்பது, பூத்த உப்பை ஈரத் துணியால் துடைத்து மறுபடி சுவருக்கே ஊட்டுவது எல்லாம் அந்த வகை. உலர்ந்த தூரிகையால் தட்டி, விழுந்த பொடியை அள்ளி வெளியே எறிய வேண்டும். குழைக்க மழைநீரோ குழாய் நீரோ வேண்டும். கிணற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மணல் தரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. அடர்த்தி வேறுபாடு சிறிது என்பதால், கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நல்ல நீர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் இருக்க முடியும். மேலே இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு அதே விகிதத்தில் எழும்பப் பார்க்கும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளை இறைத்து இறைத்துச் சுத்தம் செய்தார்கள். பின்னர் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பார்த்தபோது, உப்பைக் குறைத்ததில் பெரும்பங்கு மழைக்கே என்று தெரிந்தது. ஓயாத இறைப்பு உதவவில்லை, சில இடங்களில் கெடுத்தும் இருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு மாரிக்குக் காத்திருப்பதைத் திருத்த வேலை என்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்!

சுண்ணாம்புக்குத் திரும்பச் சொல்வது நடைமுறைக்கு உதவாது என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. பவளப்பாறையை உடைத்துச் சூளையில் சுடுவதைச் சட்டம் தடுக்கிறது, தடுக்கவும் வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. அது இறுக வாரக்கணக்கில் ஆகும். ஆனாலும் முழுச் சுண்ணாம்புக்கும் முழுச் சீமெந்துக்கும் நடுவே இடம் உண்டு. ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு கழுவிய ஆற்று மணல் என்ற கலவையைச் சாதாரண மேசனே பூசலாம். மேலே பிளாஸ்டிக் பெயின்டுக்குப் பதில் சுண்ணாம்பு அடித்தால் போதும். கண்ணில் பட்டால் சுண்ணாம்பு பார்வையையே கெடுக்கும் என்பதால் கண்ணாடி போடாமல் அதைக் கரைக்கக் கூடாது. காலமும் பார்க்க வேண்டும். செங்கலடியிலும் வந்தாறுமூலையிலும் தைப்பொங்கலுக்கு வீடு வெள்ளையடிப்பது வழக்கம்; மாரி பெய்து சுவர் நன்றாக ஊறிக் கிடக்கும் நேரம் அது. ஏறாவூரில் நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னோக்கி நகர்வதால் சில ஆண்டுகளில் நல்ல வெயிலில் வாய்க்கும். பூச்சு வேலைக்கு ஆனி, ஆடிக் கச்சான் காலமே பொருத்தம். பண்டிகைக்கு வெள்ளை மட்டும் அடித்துக்கொள்ளலாம்.

நிபுணரிடம் விட்டுவிடலாமே என்பார்கள். ஒரு பிற்பகல் வந்து பார்ப்பவருக்குக் கிடைக்காத ஒன்று வீட்டுக்காரரிடம் இருக்கிறது: ஆண்டு முழுதும் அந்தச் சுவரோடு வாழ்வது. ஈரக்கோட்டைப் பென்சிலால் கீறித் திகதி எழுதி வைத்தால், அது மாரியோடு ஏறி இறங்குகிறதா, குளியலறைக் குழாயோடு சேர்ந்து எப்போதும் ஒரே நிலையில் நிற்கிறதா என்பது தெரியும். ஒரு பொலித்தீன் துண்டைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி ஓரிரு நாள் விட்டால், சுவர்ப்பக்கம் வியர்த்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது, அறைப்பக்கம் வியர்த்தால் காற்றிலிருந்து வருகிறது.

கம்பி போட்ட கொங்கிறீட் வேறு விஷயம். யன்னலுக்கு மேல் நிற்கும் தட்டின் அடிப்பாகம் வெடித்துத் துருக்கம்பி தெரிந்தால், வெடித்த துண்டை மட்டும் தட்டிவிட்டு நல்ல சாந்தால் அடைப்பார்கள். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிப்பதால்தான் அது வெடித்தது; துருவைத் தொடக்கி வைத்தது உப்பிலுள்ள குளோரைட். அடைத்த இடத்தில் கம்பி பாதுகாப்பாகிவிடும். ஆனால் அதுவரை அந்த இடம் துருப்பிடித்தே இருபுறமும் உள்ள கம்பியை மின்வேதியியல் முறையில் காத்துவந்தது. இப்போது அந்தக் காவல் போய், ஒட்டுக்கு அடுத்த பகுதி விரைவாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். ஆகவே கம்பியின் பின்புறம் வரை, நல்ல இரும்பு தெரியும் நீளத்துக்கு உப்புக் கொங்கிறீட்டை வெட்டி எடுத்தாக வேண்டும். யன்னல் தட்டில் இதைக் கவனமாகச் செய்யலாம். வீட்டைத் தாங்கும் தூணிலோ வளையிலோ முட்டுக்கொடுக்காமல் அப்படி வெட்டுவது கூரையைத் தலையில் இறக்கும். அங்கே உளியைக் கீழே வைத்துவிட்டுப் பொறியியலாளரைக் கூப்பிட வேண்டும்.