ஆபரேஷன் தியேட்டருக்கும் ஒரு மாக் டிரில்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.)

எர்ணாவூர் பக்கம் வளர்ந்தவங்களுக்கு மாக் டிரில்னா என்னன்னு சொல்லித் தர வேண்டாம். அபாயகரமான ரசாயனம் வச்சிருக்கற பெரிய ஆலைகள் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அதை நடத்தணும்னு 1989ல வந்த விதிகள் சொல்லுது. அது ஏன் முக்கியம்னு 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சப்போ நாமளே பார்த்தோம்.

ஆபரேஷன் தியேட்டர்லயும் திடீர்னு எல்லாம் தலைகீழாகும். அதுக்கு அந்த டீம் எப்படி ஒத்திகை பாக்குது? இன்னைக்கு அதான் டாபிக்.

ஒரு சாதாரண ஆபரேஷன்

2005 மார்ச், இங்கிலாந்து. எலேன் புரோமிலி, வயசு 37. சைனஸ் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப்பாதை அடைச்சிடுச்சு. அனுபவசாலி டாக்டர்கள் வாய் வழியா குழாய் போட திரும்பத் திரும்ப முயற்சி பண்றாங்க. ஒரு நர்ஸ் கழுத்துல துளை போடற செட்டையே எடுத்துட்டு வந்து, ரெடின்னு சொல்றாங்க. யார் காதுலயும் விழல. 13 நாள் கழிச்சு எலேன் இறந்துட்டாங்க.

அவங்க கணவர் மார்ட்டின் ஒரு விமானி. செய்ய வேண்டியது என்னன்னு தெரிஞ்சவங்க அந்த ரூம்லயே இருந்திருக்காங்க, ஆனா அவங்க சொன்னது போய்ச் சேரலைன்னு அவருக்குப் புரிஞ்சுது. 1978ல அமெரிக்காவுல போர்ட்லாண்ட் பக்கத்துல ஒரு விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தப்போ விமானத்துறை கத்துக்கிட்ட அதே பாடம். அதுக்கப்புறம்தான் விமானிகளுக்கு டீமா பேசறதையே பயிற்சியாக் குடுக்க ஆரம்பிச்சாங்க. அந்த ஐடியாவை மயக்கவியலுக்குக் கொண்டு வந்தவர் ஸ்டான்ஃபோர்டு டாக்டர் டேவிட் காபா.

பயிற்சியில என்ன நடக்கும்?

டேபிள்ல ஒரு பொம்மை. மூச்சு விடும், நாடி துடிக்கும். பக்கத்து ரூம்ல இருந்து ஒருத்தர் மானிட்டர்ல ஆக்ஸிஜனை 98லருந்து 70க்கு இறக்குவார். சர்ஜன், மயக்க டாக்டர், சிஸ்டர், டெக்னீஷியன்னு முழு டீமும் அதைச் சமாளிக்கணும். பழகறது முக்கியமா மூணு விஷயம்.

ஒண்ணு, ஒருத்தர் கையை எடுத்துட்டு ஒரு அடி பின்னாடி நின்னு மொத்தத்தையும் பாக்கணும். நம்ம ஐ.டி. பாஷையில, இன்சிடென்ட் கமாண்டர்.

ரெண்டு, "யாராவது அட்ரினலின் போடுங்க"ன்னு பொதுவா கத்தக் கூடாது. "செல்வி சிஸ்டர், அட்ரினலின் 1 மில்லிகிராம்"னு பேர் சொல்லிக் கேக்கணும். "1 மில்லிகிராம் போட்டாச்சு சார்"னு பதில் வரணும். பதில் வரலைன்னா அந்த வேலை நடக்கலைன்னுதான் அர்த்தம்.

மூணாவதுதான் கஷ்டம். நம்ம ஊர்ல ஒரு சிஸ்டர் சீனியர் டாக்டரைப் பார்த்து "நிறுத்துங்க"ன்னு சொல்றது லேசுல வராது. "சார், கொஞ்சம் பாருங்க"ன்னு இழுக்கறதுதான் பழக்கம். அதுக்குப் பதிலா, "சார், ஆக்ஸிஜன் 70. இது ஆபத்து. கழுத்து வழியா போயாகணும்"னு சொல்லிப் பழகறாங்க. அதைக் காதுல வாங்கி நிறுத்தறதுக்கு டாக்டரும் பழகறார்.

முடிஞ்சதும் உக்காந்து பேசுவாங்க. வீடியோவைப் போட்டுப் பாக்கறதும் உண்டு. "யார் தப்பு?"ங்கற கேள்விக்கு அங்க இடம் இல்ல. "அந்த நிமிஷம் உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"ன்னுதான் கேப்பாங்க.

பலன் இருக்கா?

2013ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல 17 டீம்களை வச்சு 106 போலி நெருக்கடிகளை நடத்திப் பார்த்தாங்க. கையில நெருக்கடி செக்லிஸ்ட் இல்லாதப்போ 23% முக்கியமான படிகள் விட்டுப்போச்சு. செக்லிஸ்ட் இருந்தப்போ 6% தான். நிஜ நோயாளி யாரையும் ஆபத்துல விடாம இப்படி ஒண்ணை சோதிக்க முடிஞ்சதே சிமுலேஷனாலதான்.

நம்ம மெடிக்கல் காலேஜ்கள்ல ஸ்கில்ஸ் லேப் இப்போ கட்டாயம். ஆனா தனி ஆளா குழாய் போடப் பழகறது வேற, டீமா நெருக்கடியைச் சமாளிக்கறது வேற. அதுக்கு விலை உயர்ந்த பொம்மை கூடத் தேவையில்ல. காலியா இருக்கற தியேட்டர், சாதாரண பொம்மை, அரை மணி நேரம் போதும். நாலு பேரையும் ஒரே நேரத்துல ஃப்ரீ பண்றதுதான் பெரிய பாடு.

ஆஸ்பத்திரியில வேலை பாக்கற நண்பர்கள் கேட்டுட்டிருந்தா, உங்க தியேட்டர்ல கடைசியா எப்போ டிரில் நடந்துச்சு, அதுல சர்ஜனும் இருந்தாரான்னு விசாரிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!